கைப்பையில் போன மட்டைக் கரண்டி

ஓமான் நாட்டுச் சலாலாவில் நான் இளநீர்க் கடை வைத்திருந்தபோது, உல்லாசக் கப்பலில் ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் காயைக் கூடையில் எறிந்துவிடுவார்கள்.

ஒருநாள் அவர்களோடு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, பெரிய தொப்பி, நெற்றியில் திருநீறு. விரலால் தட்டிப் பார்க்காமல் எந்தக் காயையும் வாங்கமாட்டார். முதல் ஆள் எறிந்ததுமே, கூடைக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார்.

"தம்பி, இவையள் வழுக்கையை எறியினம். எல்லாத்தையும் பிளவுங்கோ!"

"பஸ் கிளம்பப் போகுதும்மா. கப்பலை விட்ருவீங்க."

"முப்பது பேரையும் விட்டிட்டுக் கப்பல் போகுமே? வெட்டுங்கோ."

வெட்டினேன். மட்டையில் நான் சீவிக் கொடுத்த கரண்டியால் எப்படிச் சுரண்டுவதென்று ஒவ்வொருவருக்கும் அவரே காட்டினார். "யல்லா, யல்லா" என்று எல்லாரையும் பஸ் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த ஓமானி கைடின் கையிலும் ஒரு காயைத் திணித்தார். கைடும் சுரண்டத் தொடங்கினார்.

பஸ் ஏறும்போது அம்மா தன் மட்டைக் கரண்டியைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மேசை நிறைய வெள்ளிக் கரண்டி அடுக்கும் கப்பலில், அதை வைத்து எதைத்தான் சுரண்டியிருப்பார்?