வேண்டுமென்றே எழுதிய பிழை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். குற்றாலத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டியிருக்கிறேன். சாரல் சீசனில் வந்து தங்கிய ஒல்லி மனிதர் ஒருவர் அருவிப் பக்கமே போகவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றுக்குப் பல நாட்டுக்காரர்கள் எழுதி அனுப்பும் நிரல்களைச் சோதிக்கும் வேலையை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே தற்காலிகமாக உருவாக்கும் மெய்நிகர் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒன்று; முடிந்ததும் அழித்துவிடுவார்.

"ஆள் போனதும் நாங்க ரூமைக் கழுவி விடுத மாதிரி," என்றேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் திரை முழுக்கப் பச்சை.

"எல்லாம் பாஸாயிட்டுல்லா தம்பி? போய்க் குளிச்சிட்டு வாங்க."

"பொறுங்க அண்ணாச்சி." வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதி அனுப்பினார். சிவப்பு விழ வேண்டிய அதற்கும் பச்சையே விழுந்தது. "சோதனையே நடக்கல அண்ணாச்சி, எது வந்தாலும் பாஸ் போடுது," என்றார்.

"விடுங்க, யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"தப்பு உள்ள போயிட்டா, பார்வையில்லாதவங்களுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கையில பாதியில நின்னுபோகும் அண்ணாச்சி. அவங்க என்ன செய்வாங்க?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.  நான் அவருக்கு ஒரு காபி சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.