கருப்பாத்தாள் ஓய்வெடுத்த நாள்

காளப்பநாயக்கன்பட்டி கருப்பாத்தாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காட்டு வேலை முடிந்தால் மாட்டு வேலை, அதுவும் முடிந்தால் எதையாவது புடைத்துக்கொண்டிருப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே பெரிய அருவி ஒன்று கொட்டுகிறதாமே, சாவதற்குள் அதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த வருஷம், ஆடி மாதத்தில், புருஷன் சென்னியப்பன் ஒருவழியாக மனமிரங்கினார். முதல் நாள் ஏற்றத்திலேயே கருப்பாத்தாளின் முழங்கால் கழன்றுவிட்டது. குண்டூர் நாட்டில், மிளகு வாங்கிய பழக்கத்தில் தெரிந்த கருப்பண்ணன் வீட்டில் போய் விழுந்தார்கள். கோயிலுக்கு இன்னும் அரை நாள் நடை. நாலாம் நாள் ஊர் திரும்பியாக வேண்டும், மாட்டைப் பார்க்க ஆளில்லை.

"நாளைக்கு முச்சூடும் கால நீட்டிப் படுத்துக்க புள்ளே. அதுக்கு மக்யா நாளு போயி அருவியப் பாத்துக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

படுத்தால் ஒரு நாள் வீண். படுக்காவிட்டால் கால் வராது. எது சரி என்று தெரியாமலே மறுநாள் காலை படுத்தாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா, திறந்துகொள்ளலாமா? எவ்வளவு நேரம் படுத்தால் ஓய்வு என்று கணக்கு? அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்! கருப்பண்ணனும் அவர் பெண்சாதி ராமாயியும் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு மிளகுக் கொடி பார்க்கப் போயிருந்தார்கள். வாசலுக்கு எதிரே அவர்களுடைய சாமைக் காடு, களை மண்டிக் கிடந்தது. ஒரு சால் மட்டும் எடுப்போம் என்று களைக்கொத்தோடு இறங்கினாள்.

பொழுது சாயும்போது ராமாயி வந்து பார்த்தால், பாதிக் காடு சுத்தமாகியிருந்தது.

"அய்யய்யோ, என்னக்கா இது!"

"ஓய்வுதான் கண்ணு. உக்காந்துக்கிட்டேதானே எடுத்தேன்?" என்றாள் கருப்பாத்தாள். அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ராமாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க காட்டுல ஒருத்தரு ஒரு நாள் கை வச்சா, அவுங்க காட்டுல நாங்க ஒரு நாள் கை வைக்கோணுங்க. மாத்தாளு பாக்கி வச்சா எங்களுக்குச் சோறு எறங்காது."

மறுநாள் முழங்கால் இரண்டும் வீங்கி, எழுந்து நிற்கவே முடியவில்லை. "நீங்களாச்சும் பாத்துட்டு வாங்க" என்று புருஷனை அனுப்பிவிட்டு, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். இருட்டியபின் திரும்பிய மனுஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிங்க இருந்துது?"

"தண்ணி. மேலிருந்து கீழ உழுகுது." கொஞ்சம் யோசித்தார். "நல்லா உழுகுது."

கருப்பாத்தாள் அழுதேவிட்டாள். நாலாம் நாள் அவளை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம், "மலைக்குப் போனியே, அருவி பாத்தியா?" என்றார்கள். போனது நிஜம், பார்க்கவில்லை. ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

புரட்டாசியில் ஒரு நாள், விடிந்தும் விடியாமல் ராமாயி வந்து நின்றாள். தலைச்சும்மாட்டின்மேல் பெரிய சுரைக்குடுக்கை. அதைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, யார் தடுத்தும் கேளாமல் சோளக் காட்டில் இறங்கிக் களை எடுத்தாள். கருப்பாத்தாளைக் காட்டுக்குள் விடவேயில்லை. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு, "பாக்கி தீந்துதுங்கக்கா. இப்ப இந்த மேட்டுக்குக் கீழ வந்து உக்காருங்க" என்றாள்.

"எதுக்குக் கண்ணு?"

"அருவித் தண்ணி. கொட்டற எடத்துலயே நின்னு புடிச்சேன். அண்ணாந்து பாருங்க."

ராமாயி மேட்டின்மேல் ஏறி நின்று குடுக்கையைச் சாய்த்தாள். தண்ணீர் மேலிருந்து கீழே விழுந்தது. கருப்பாத்தாள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்து, தலையோடு நனைந்தாள். குடுக்கை சீக்கிரமே காலியாகிவிட்டது.

"ஏ புள்ளே, பொழுது எறங்குது. இன்னும் மாட்டப் புடிச்சுக் கட்டலையா?" என்று சென்னியப்பன் தொழுவத்திலிருந்து கூப்பிட்டார்.

"இருங்க. அருவி பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, காலை நீட்டி அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தாள்.