உள்ளங்கையில் ஊற்றிய ஒயின்

ஒரு ஆடி மாதத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போடியில் ஏலக்காய் வாங்கி விற்பவனுக்கு இதைவிடக் கேடு கிடையாது. காயின் நிறத்தையும் பருமனையும் யாரும் பார்த்துவிடலாம். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, வாயால் ஊதிச் சூடேற்றி முகர்ந்தால்தான் அது புகை பிடித்த காயா, பழைய இருப்பா என்று தெரியும். மோப்பம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் மதுரை டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

ஏலத்துக்கு முன் கொடுக்கும் மாதிரிக் காய்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். மனைவி முகர்ந்து சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் தினமும் ஏலம் எடுக்குமுன் வீட்டுக்கு ஓடி வர முடியுமா? தைக்குள் மூக்கு திரும்பாவிட்டால் தொழிலை விட்டுவிட்டு ராசிங்காபுரத்தில் எங்களுக்கிருந்த மானாவாரிக் காட்டைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். எனக்கு ஏர் பிடிக்கக்கூடத் தெரியாது. பயந்துபோயிருந்தேன்.

சாப்பாடும் தவிடுதான். அவள் எதைப் பரிமாறினாலும் "நல்லாருக்கு" என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவள் முகம் சுருங்கிவிடும்.

ஐப்பசியில் மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த மலையாளி முதலாளி வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பல வருடமாக அவர் காயை வாங்குகிறவன் நான். காய் விஷயம்தான் என்று ஜீப்பு ஏறினேன். போடிமெட்டைத் தாண்டி அவர் பங்களாவுக்குப் போனால், மேசைமேல் தூசி படிந்த ஒரு பாட்டில். நம் பக்கம் மதுவிலக்கு. அது கேரளம், கேட்க ஆளில்லை.

பிரான்சு நாட்டுப் போர்தோ ஒயினாம். தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரர் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது, பெட்டியில் இன்னும் சில இருந்தன. மகளின் கல்யாண நிச்சய விருந்தில் வைக்கலாமா, இல்லை புளித்துக் காடியாகிவிட்டதா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"மோப்பம் போயி மாசக்கணக்காச்சு முதலாளி," என்றேன். அவர் சிரித்தார். விலையைக் குறைக்க வியாபாரி போடும் புது நாடகம் என்று நினைத்துவிட்டார் போல.

கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். நடுவில் கறுஞ்சிவப்பு, ஓரத்தில் பழஞ்செங்கல் நிறம். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பழகிய கை சும்மா இருக்குமா? கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றி, மறு கையால் தேய்த்து, வாயால் ஊதி மூக்கருகே கொண்டுபோனேன். குடிக்கிற சாமானை இப்படிக் கையில் தேய்க்கிறானே என்று முதலாளி வாயைப் பிளந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் நனைந்த மரம். அடுத்து புகையிலை. ஏலச்செடித் தூரில் மழைக்கு மக்கிய சருகு. கடைசியாக, வற்றிய நாவற்பழம். மறுபடியும் ஊற்றினேன், மறுபடியும் தேய்த்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்ப மோசமா அண்ணே?" என்றார் முதலாளி பதறி.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். துவர்ப்பு இருந்தது, காடிப் புளிப்பு இல்லை. கையிலிருந்த வாசனை அதற்குள் மெலிந்துகொண்டிருந்தது.

"கெடல முதலாளி. வயசாயிருக்கு, அம்புட்டுதான். தொறந்தா வெரசா குடிச்சிரணும், ரொம்ப நேரம் தாங்காது."

கையைக் கழுவாமலே இறங்கினேன். வளைவுக்கு வளைவு முகர்ந்து பார்த்தேன். ஜீப்பின் பெட்ரோல் நாற்றமும் டிரைவரின் பீடி நாற்றமும்கூட அன்று எனக்கு இனித்தன.

வாசலிலேயே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். குடித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். நேராகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். கடுகடுவென்று சோறு போட்டு ரசம் ஊற்றினாள்.

"பெருங்காயம் தூக்கலா இருக்கு," என்றேன்.

அவளுடைய ரசத்தைக் குறை சொல்லிவிட்டு அந்த வீட்டில் யாரும் தப்பியதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னொருக்கா சொல்லுங்க."

"நல்லால்ல," என்றேன்.