பெயரோடு போன ஜெபக் குறிப்பு

சென்ற ஆண்டு செப்டம்பரில் எங்கள் வீட்டில் என் மகள் ஜெனியின் குரல் ஏறக்குறைய நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். எது கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அரசுத் தேர்வு எழுத வேண்டிய ஆண்டு. ஒரு திங்கட்கிழமை காலை சீருடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, இனிப் பள்ளிக்கூடம் போவதில்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அதன் பிறகு பேச்சே இல்லை. என் பிள்ளையை நான் இழந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

இந்தச் சாட்சியை ஜெனியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவள் படித்துப் பார்த்து, ஓர் இடத்தில் திருத்தவும் செய்தாள்.

நான் குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். எதையும் ஒழுங்காகக் குறித்து வைப்பது என் சுபாவம். குக்கருக்கு ரப்பர் மாற்றியதைக்கூட டைரியில் எழுதுகிறேன் என்று என் மனைவி கிரேஸ் சிரிப்பாள்.

ஜெனிக்குச் சிறு வயது முதலே திக்குவாய். வீட்டில் அது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் ஒரு வேடிக்கையைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றால், நானும் கிரேஸும் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிடுவோம். "இ... இன்னும் முடிக்கலப்பா, அதுக்குள்ள என்ன சிரிப்பு" என்று அவளும் சிரிப்பாள். அப்படிப்பட்ட பிள்ளை.

ஆகஸ்டில் எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு வந்தது; அன்று ஆராதனையில் இளைஞர்களே பங்கெடுப்பார்கள். வேதபாடம் வாசிக்க அவளே விரும்பிப் பெயர் கொடுத்தாள். வாசிக்கும்போது ஒரு நீளமான பெயரில் நின்றுவிட்டாள். சபை அமைதியாகக் காத்திருந்தது. அவள் மூச்சை இழுத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, பாடத்தை முடித்தாள். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

கொரோனா காலத்திலிருந்து எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. யாரோ அதிலிருந்து அவள் நின்ற அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டி, ஆடு கத்தும் சத்தத்தைச் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். 'பஃபரிங் பாப்பா' என்று அதற்கென்றே ஒரு பக்கம் திறந்தார்கள். யார் திறந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று வரும். பேருந்தில் இவள் ஏறினால் பின்னால் ஒருவன் ஆடு மாதிரி கத்துவான், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பேருந்தில் எங்கள் சபைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். பதில் எழுதவில்லை, சண்டை போடவில்லை. ஒவ்வொரு பதிவையும் அதன் முகவரியோடு படம் பிடித்து வைத்தேன். இன்ஸ்டாகிராமில் புகார் கொடுத்தோம். பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை வருத்தப்பட்டார், ஆனால் யார் என்று தெரியாமல் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றார். சைபர் கிரைம் போலீசிலும் புகார் பதிவு செய்தேன். விவரம் கேட்டு எழுதியிருப்பதாகவும், பதில் வரக் காலம் ஆகும் என்றும் சொன்னார்கள். அவர்கள் மீது குறை இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது காலம் என்பது வேறு மாதிரி நகர்கிறது.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபச் சங்கிலி உண்டு. ஒருவர் கொடுக்கும் ஜெபக் குறிப்பு அடுத்தவருக்குப் போகும்; அங்கிருந்து மற்ற சபைகளுக்கும் போகும். ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப ஜெபத்தில் அதைச் சொல்லி மன்றாடுவார்கள். நானும் ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை. 'மனவேதனையில் இருக்கும் ஒரு மாணவிக்காக' என்று மட்டும் எழுதினேன். என் பிள்ளை பெயர் ஏற்கெனவே போதுமான அளவு ஊர் சுற்றியிருந்தது.

சங்கிலியைக் கவனிக்கிற லில்லி அக்காவுக்கு அது போதவில்லை. விசாரித்து அறிந்துகொண்டு, 'ஜெனி, பன்னிரண்டாம் வகுப்பு, திக்குவாயைக் கேலி செய்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாள்' என்று முழுவதையும் சேர்த்து அனுப்பிவிட்டார். மறுநாள் ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் ஆறுதல் சொல்லி ஃபோன் வர ஆரம்பித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கிரேஸ் அழுதாள். நான் நேராக லில்லி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"பேர் வேண்டாம்னுதானுங்க அக்கா எழுதாம விட்டேன்."

"பேர் சொல்லாம எப்படிங்க தம்பி மன்றாடறது?"

"யாருன்னு கர்த்தருக்குத் தெரியாதுங்களா?"

"அவருக்குத் தெரியுமுங்க. எங்களுக்குத் தெரிய வேண்டாமா? நம்ம புள்ளையை மொட்டையா ஒரு மாணவின்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

அவர் முகத்தில் அத்தனை அன்பு இருந்தது. என்னால் கோபத்தை முழுதாகக் காட்ட முடியவில்லை. திரும்பி நடக்கும்போது, "ஆண்டவரே, பெயர் போய்விட்டது. இனி அதை நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் விசுவாசத்தைவிட அலுப்பே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. மத்தியானம் வாசலில் ஓர் அம்மாவும் ஒரு பெண்ணும் ஒரே குடையில் நின்றார்கள். இருவரும் நனைந்திருந்தார்கள்.

"ஏனுங்க, இது ஜெனி ஊடுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

உள்ளே அழைத்தோம். அவர் உட்காரவில்லை. தான் கேத்தியிலிருந்து வருவதாகவும், அங்கன்வாடியில் வேலை செய்வதாகவும், பக்கத்தில் நிற்பது தன் மகள், ஜெனியின் வகுப்பில் படிக்கிறவள் என்றும் சொன்னார். பிறகு, "அந்தப் பக்கத்தை நடத்துனது எம் புள்ளைதானுங்க" என்றார்.

எங்கள் சங்கிலியின் குறிப்பு கேத்தியில் அவர்கள் சபைக்கும் போயிருக்கிறது. அந்த அம்மா தினமும் காலை ஜெபத்தில் ஜெனியின் பெயரைச் சொல்லி, யாரோ பெற்ற பிள்ளை என்று கண்ணீரோடு மன்றாடியிருக்கிறார். இந்தப் பெண் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு குறிப்பாகப் பிரித்துச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். அன்று காலை, "இன்னைக்கு ஜெனிக்காக நீ ஜெபி சாமி" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவள் வாயைத் திறந்திருக்கிறாள். பெயர் வரவில்லை. மறுபடியும் முயன்றிருக்கிறாள். பிறகு அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுத்த பேருந்திலேயே அம்மா அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கச் சொல்லி வரலீங்க" என்றார் அவர். "திங்கக்கெழமை பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நானே கூட்டிட்டு வர்றேன். அதுக்கு முன்னால இங்க வரணும்னு தோணுச்சு."

கிரேஸ் ஒரு துண்டை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு கேட்டேன். நனைந்திருந்தாள், அதனால்தான் என்றாள்.

ஜெனி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்து, "மன்னிச்சிருடி" என்றாள். ஜெனி கூடத்துக்கு வந்து நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"எ... என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது" என்றாள் கடைசியில். "சிரிச்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். உ... உன் பேரைப் போட்டுச் சொல்லணும்."

என் மகளின் குரலை எத்தனையோ நாட்களுக்குப் பிறகு கேட்டேன். நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்தக் குரல்தான். அங்கேயே முழங்காலில் நிற்க வேண்டும் போலிருந்தது. விருந்தாளிகள் இருந்ததால் டீ போடப் போனேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா சொன்னபடியே வந்தார். தலைமையாசிரியை முன்னால் அவர் மகள் நடந்ததைச் சொன்னாள். அவளோடு சேர்ந்து வீடியோ ஒட்டிக் கொடுத்தவன் ஒருவன், பேருந்தில் கத்தியவன் ஒருவன் என்றும் சொன்னாள். அவர்களும் பெற்றோரோடு வரவழைக்கப்பட்டார்கள். காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி மூவரிடமும் எழுதி வாங்கி, மறுபடியும் நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். அதன் பிறகு அந்தப் பக்கத்திலேயே அந்தப் பெண் தன் பெயரைப் போட்டு, தான் செய்தது தவறு என்றும், பகிர்ந்தவர்கள் எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்றும் எழுதினாள். அது சில நாட்கள் அங்கே இருந்த பிறகே பக்கம் மூடப்பட்டது. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அவளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அதைச் சுமந்து திரிய எனக்கு உரிமை இல்லை.

ஜெனி அந்த வாரமே பள்ளிக்குப் போனாள். இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். ஜெனி திருத்திய இடம் அதுதான். "இல்லப்பா, அது பொய். நா... நான் இன்னும் முழுசா மன்னிக்கல. தினமும் கொஞ்சம் முயற்சி பண்றேன்" என்றாள். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

எங்கள் சபையிலும் சில மாற்றங்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்காமல் பிள்ளைகள் பங்கெடுக்கும் பகுதியை இணையத்தில் விடுவதில்லை. வாலிபர் கூட்டத்தில் ஒருவர் அவமானப்படுவதைப் பார்த்துப் பேசாமல் இருப்பதும் பாவம் என்று போதகர் வெளிப்படையாகப் பேசினார். அன்று பேருந்தில் இருந்த சிலர் ஜெனியிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். லில்லி அக்கா, "பேர் போடலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் அனுப்புகிறார். எனக்கு அவரிடம் நன்றி சொல்லவும் வேண்டும், குறையும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிட்டேன்.

அவர் செய்தது சரி என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தவற்றையும் தேவன் வீணாக விடவில்லை. எந்த வீட்டில் என் பிள்ளையைக் காயப்படுத்தினார்களோ, அந்த வீட்டிலேயே அவளுக்காக அழ ஒரு தாயை வைத்திருந்தார்.

இதை வாசிக்கிற அருமையான பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படிக் காயப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். சாட்சியங்களைப் பத்திரப்படுத்துங்கள், பள்ளிக்கும் போலீசுக்கும் போங்கள், கூடவே ஜெபியுங்கள். ஒன்று போதும் என்று மற்றதை விடாதீர்கள். காயப்படுத்தியது உங்கள் பிள்ளை என்று தெரியவந்தால், மூடி மறைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கேத்தியிலிருந்து வந்த அந்தத் தாயைப் போல, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய வாசலுக்குப் போங்கள். அந்தக் கையைக் கடைசிவரை விடாதீர்கள். எங்களைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.