மச்சான் தூக்கி நடந்த ஸ்டூல்

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு பழைய சைக்கிள்தான். அதை விற்றுத்தான் வெல்டிங் வேலைக்கே வந்தேன். இன்றைக்கு வேங்கிக்காலில் புதிதாக எழுந்த வீடுகளில் பாதிக்கு இரும்பு கேட் என் பட்டறையில் அடித்தது. கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்தில் நான் போட்ட கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறிய மாப்பிள்ளை கிடையாது. பேங்க்காரர் லோன் முடியாது என்றார், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், நான் மாடி வீடே கட்டிவிட்டேன். ஆனால் என் கை செய்ததிலேயே பெரிய வேலை எது என்று கேட்டால், முழங்கால் உயரமுள்ள ஒரு மடக்கு ஸ்டூலைத்தான் காட்டுவேன். அது எங்கள் கூடத்தில், செத்துப்போன என் மச்சானின் படத்துக்குக் கீழே, குங்குமப் பொட்டோடு நிற்கிறது.

என் வீட்டுக்காரிக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது சில வருஷங்களுக்கு முன்னால். கெண்டைக்காலில் தோலுக்கடியில் ஏதோ ஓடுவதுபோல் துடிக்கும். டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கிக் காப்பி சேலையில் கொட்டும். தோளும் தொடையும் சும்மாவே நோகும். வேலூருக்கும் சென்னைக்கும் கூட்டிப்போனேன். ஸ்கேன், ரத்தம், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கிற டெஸ்ட், எல்லாமே நார்மல். “பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா காரணம் தெரியல. காப்பிய கம்மி பண்ணுங்க, நல்லா தூங்குங்க, தினம் நடங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க” என்றார் டாக்டர். கூட வந்திருந்த மச்சான், அவளுடைய தம்பி, வேன் ஓட்டுகிறவன், அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அது என் காதிலும்தான் விழுந்தது.

அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம், பௌர்ணமி தவறாமல் சுற்றிவந்த மலையை இன்னொரு முறை சுற்றிவிட வேண்டும் என்பது. “ஒரே நாள்ல சுத்தணும்னு யாரு சொன்னாங்க, அக்கா? இன்னிக்கு இந்திர லிங்கத்துலேர்ந்து அக்னி லிங்கம். நாளைக்கு அங்கேர்ந்து எம லிங்கம். திரும்பி வர என் வேன் இருக்குதில்ல?” என்றான் மச்சான். நல்ல யோசனைதான். ஆனால் நடுவழியில் நோவு வருமுன் எங்கே உட்காருவது? தரையில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது. அதை யோசித்தவன் நான். அவள் முழங்காலை அளந்து, இருப்பதிலேயே கனமில்லாத பைப்பை வளைத்து, எழும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் பிடி வைத்தேன். பிடியை இறுக்கினால் அவள் கை நடுக்கம் அடங்குவதைக் கவனித்ததும் நான்தான்.

பட்டறையில் எனக்கு வேலை ஜாஸ்தி. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தவன் மச்சான். அடி அண்ணாமலையில் ஒரு கடைக்காரர், “இன்னாம்மா, வீட்டு சாமானோட கிளம்பிட்டீங்களா?” என்று கேட்க, “கட்டில் பின்னாடி வருது, வழி உடுங்க” என்றானாம். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உடம்பு கெட்டதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஈசான்ய லிங்கத்தையும் தாண்டி மலையைச் சுற்றி முடித்த அன்று தெருவெல்லாம், “என் தம்பிதான் என்னைச் சுத்த வெச்சான்” என்றாள். போன வருஷம் நெஞ்சுவலியில் அவன் போனான். கருமாதியிலும் அதையேதான் சொன்னாள். வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவளோடு நடப்பது நான்தான். துடிப்பும் நோவும் போய்விடவில்லை, அவள் அவற்றோடு நடக்கப் பழகிவிட்டாள். போன வாரம் எம லிங்கத்துக்கு முன்னால், “உக்கார்றியா?” என்று கேட்டேன். “அவன் கேக்கவே மாட்டான், மொகத்தப் பாத்துட்டு விரிச்சி வெச்சிடுவான்” என்றாள். செத்தவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது? ஆனால் எழுந்தபோது அவள் கைகள் இரண்டும், பார்க்காமலே, அந்தப் பிடிகளைத் தேடிப் பிடித்தன. நடுக்கம் நின்றது.

வீடு திரும்பியதும் ஸ்டூலைத் துடைத்து மறுபடியும் படத்துக்குக் கீழே வைத்தாள். வைக்கட்டும். தம்பி நடத்தினான் என்றே சொல்லட்டும். ஆனால் வருகிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டும்போது விரல் கொஞ்சம் கீழேயும் இறங்க வேண்டும். “இது எங்க வீட்டுக்காரர் செஞ்சது” என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும், நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.