வெந்நீர் அடுப்புச் சாம்பல்

சாணத்தை நீர்விட்டுக் கரைத்துச் சல்லடையில் அலசிய அம்மா, அதில் தங்கியதை என்னிடம் காட்டினார். பசு தின்ற செஞ்சோளம் செரிக்காமல், முழுமணியாகவே வெளிவந்திருந்தது.

"இனி அந்தச் சல்லடையில எனக்கு மாவு சலிச்சறாத புள்ள" என்று அப்பா சிரித்தார். ஆத்தூர்ச் சந்தையில் அந்தச் சோளத்தை வாங்கிவந்தவர் அவர்தான்.

ஒரு மணியைக் கடித்தாலே நாக்கு இழுக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பே செரிமானத்தைத் தடுக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் சோளத்தை ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, உடைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். அம்மா அப்படியே செய்தார். பசு தொட்டியை நக்கித் துடைத்தது.

நண்பகலில் தோட்டத்திலிருந்து வந்த அப்பா சிரித்தபடியே கேட்டார்: "சாம்பல் எங்க எடுத்தே?"

"வேற எங்கீங்க? வெந்நி அடுப்புலதான். சமையலுக்குத்தான் கேஸ் வந்திருச்சே."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "பருத்திக்கு அடிச்ச மருந்து டப்பாவ அதுலதான் போட்டுக் கொளுத்துனேன்."

குளிக்க நீர் காயும் அந்த அடுப்பில் கையில் கிடைத்ததெல்லாம் எரியும். அந்தச் சாம்பல் பல் துலக்கவோ பாத்திரம் துலக்கவோ இப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதனால் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. கொளுத்திய பிறகு சாம்பல் அள்ளப்பட்டதா என்பதும் எவருக்கும் நினைவில் இல்லை.

மருத்துவர் அலைபேசியில் சொன்னார்: "நடுக்கமோ வாயில நுரையோ இருந்தா உடனே கூப்பிடுங்க. அசை போடுதான்னு பாருங்க. பாலைக் கறந்து கொட்டீருங்க, கன்னுக்கும் விடாதீங்க. ஆட்டையாம்பட்டியில ஒரு மாட்டைப் பாத்துட்டு வாரேன்."

பசுவின் எதிரே அமர்ந்தேன். காது அசைந்தால் நடுக்கமென்று அஞ்சினேன். அசையாதிருந்தால் அதைவிட அஞ்சினேன். அதன் வாய் மூடியே இருந்தது. ஈ ஓட்டும் வாலைத் தவிர வேறெதுவும் இயங்கவில்லை. 'நஞ்சு' என்ற சொல்லை எங்களில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரித்தால் அது தொட்டிக்குள் வந்துவிடும் என்பதுபோல் இருந்தது.

மாலையில் அம்மா கறந்த பாலைத் தென்னையடியில் ஊற்றினார். நுரை மண்ணில் அடங்குவதைப் பார்த்துக் கன்று கதறியது. கயிறு இறுகி அதன் கழுத்து மடிந்தது.

மருத்துவர் வந்து பசுவின் இடவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நெடுநேரம் கேட்டார். "உள்ள ஓட்டம் இருக்குதுங்க. ஆனா காலைல வரைக்கும் பால் வேண்டாம்."

அவர் கிளம்பியபின் பசு மெல்லப் படுத்தது. தொண்டையில் ஓர் உருண்டை கீழிருந்து மேலேறுவதைக் கண்டேன். தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது.

"அசை போடுதுங்கம்மா" என்றேன்.

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மா கன்றின் அருகே சென்றார். அவிழ்க்கப்போகிறார் என்று நினைத்தேன். முடிச்சைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இறுக்கினார்.

"விடியட்டும் சாமி" என்றார் கன்றிடம். அது மீண்டும் கதறியது.