ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு பிரசன்டேஷன்

போன மாதம் என் கார் ரவாங் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. ‘ரெடி, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சாயங்காலம் போன் வந்தது. கோலா சிலாங்கூரிலிருந்து அந்த நேரத்தில் எப்படிப் போவது? பக்கத்து வீட்டு புஷ்பாதான் கைகொடுத்தார்.

“எங்க ஃபேக்டரி பஸ் ரவாங் வழியாத்தான் போகுது, ஏறிக்குங்கண்ணே. டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ஏறினேன். பஸ் நிறையப் பெண்கள். டவுனைத் தாண்டியதும் புஷ்பா எழுந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. ராஜம்மா என்ற அக்கா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார்.

“குட் ஆப்டர்நூன், சார். மை நேம் இஸ் புஷ்பா...”

சார் யார்? டிரைவரை விட்டால் அந்த பஸ்ஸில் நான் ஒருவன்தான் ஆண். பதிலுக்கு எழுந்து நிற்க வேண்டுமோ என்றுகூட யோசித்தேன்.

விஷயம் இதுதான். புஷ்பாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷமாக ராத்திரி ஷிப்ட். கணவர் இல்லை. மகள் திவ்யா ஐந்தாம் படிவம் படிக்கிறாள், பள்ளியில் கடைசி வருஷம். மகள் டியூஷன் முடிந்து வருவதற்குள் அம்மா பஸ் ஏறியிருப்பார். அம்மா திரும்பும்போது மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். ‘குழம்பு ஃபிரிட்ஜில்’, ‘யூனிபார்ம் மடித்துவிட்டேன்’ - இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் இப்படி வாட்ஸ்அப்பில்தான்.

இப்போது பகலில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலி. அது வேண்டுமென்றால் மேனேஜர்கள் முன்னால் ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷம்... அதில்தான் புஷ்பாவின் ராத்திரிகள் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தன.

முதலில் என்னிடம்தான் யோசனை கேட்டார். நானும் பெரிய மனுஷனாக, “கண்ணாடி முன்னால் நின்று தினமும் பேசிப் பழகுங்கள்” என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தார்.

“கண்ணாடியப் பார்த்தா முடிக்கு டை அடிக்கணும்னுதாண்ணே தோணுது. பேச்சு வரமாட்டேங்குது.”

அப்புறம்தான் பஸ். பெட்ரோல் ஸ்டேஷனில் ஆரம்பித்தால் டோல் வரும்போது முடிக்க வேண்டும். அந்தத் தூரம் கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம் என்று டிரைவரே சொல்லிவிட்டாராம்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? புஷ்பா கோயில் கூட்டங்களில் நன்றியுரை சொல்லிப் பழகியவர். நம் ஆட்களுக்கு மைக் கிடைத்தால் முதலில் சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லியாக வேண்டுமே. ஒருவரை விட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் மனஸ்தாபம். அதே பழக்கத்தில் ஜெனரல் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், எச்.ஆர். என்று அடைமொழியோடு ஒவ்வொருவராக வரவேற்றிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் டோல் வந்துவிட்டது. விஷயம் தொடங்கவே இல்லை.

“வணக்கம் சொன்னதுக்கே வேலை குடுத்துருவாங்களா லா?” என்றாராம் ராஜம்மா அக்கா.

மறுநாள் பாதி வணக்கம் போனது. அடுத்த வாரம் மீதியும் போனது. நான் பஸ் ஏறிய அன்று பேச்சு நேராக விஷயத்துக்கு வந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் ஓட்டைக் கையுறை அதிகமாக வருகிறது. போகிறவரும் வருகிறவரும் பத்து நிமிஷம் மெஷின் பக்கத்தில் சேர்ந்து நின்றால் குறையும். இவ்வளவுதான் அவர் சொன்னது. நடுநடுவே பஸ் சும்மா இருந்ததா? “அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஓ.டி. உண்டா?” “பஸ் போயிட்டா யாரு பொறுப்பு?” எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நான் பேசும்போது குறுக்கே யாராவது தும்மினாலே தடுமாறுவேன்.

இன்டர்வியூ முடிந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கம் முகம் வெளுத்து நின்றார்.

“ஒருத்தரும் குறுக்க பேசலண்ணே. தலையக்கூட ஆட்டல. அப்படி ஒரு அமைதி... பயந்துட்டேன். பாதியில வாய் நின்னுபோச்சு.”

எனக்கு இது தோன்றவே இல்லை. நாம் பழகுகிற இடமும் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது போலிருக்கிறது. கூச்சலில் தேறியவருக்கு அமைதிதான் இடைஞ்சல்.

“அப்புறம்?”

“கேட்டுட்டேன். ‘சார், கொஸ்டின் இருந்தா நௌ ஆஸ்க் லா’ன்னு.”

எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடுதான். நடுவில் இருந்த மேனேஜர் சிரித்துவிட்டாராம். சிரித்தவர், அந்தப் பத்து நிமிஷத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் தினமும் அடிபட்ட கேள்வி. அதற்குப் பிறகு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லையாம்.

பேச்சுக் கலைக்கு வகுப்புகள் நடக்கின்றன. யூடியூப்பில் வீடியோவும் நிறைய. எல்லாம் நல்லதுதான். ஆனால் தினமும் நாம் பேசுவதை - சலித்துக்கொண்டாவது - கேட்க நாலு பேர் வேண்டும். அவர்களை எந்த வகுப்பில் வாங்க முடியும்?

வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து புஷ்பாவுக்குப் பகல் ஷிப்ட். எனக்கே பதவி உயர்வு வந்ததுபோல் சந்தோஷம்.

நேற்று திவ்யா வேலியோரம் வந்து என்னிடம் புகார் செய்தாள். “அங்கிள், அம்மா சாப்பிடும்போதுகூட நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்காங்க.”

“கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லட்டுமா?” என்றேன்.

“வேணாம், அங்கிள்... பேசட்டும்.”